ஓய்வு பெற்ற பிறகு ஏறிய மலைகள்

(நாமக்கல்லில் கிறிஸ்தவப் பெண்கள் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நீண்ட ஆயுள் கண்ட ஒரு கிறிஸ்தவப் பெண்மணியைப் பற்றிப் பேச வேண்டும், அவர் மனைவியாகவும் தாயாகவும் பாட்டியாகவும் வாழ்ந்தவராக இருக்க வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். கேட்டவுடனே எனக்கு ஒரு பெயர்தான் நினைவுக்கு வந்தது. ஊர் நாமக்கல். ஜன்னலுக்கு வெளியே கிழக்கே பார்த்தால் கொல்லிமலை. இங்கே நின்றுகொண்டு எவலின் பிராண்டைப் பற்றிப் பேசாமல் வேறு யாரைப் பற்றிப் பேசுவது?

அவரைப் பற்றித் தொடங்குமுன் ஒரு சிறு குறையைச் சொல்லிவிடுகிறேன். நம் சபைகளில் தொண்ணூறு வயது கண்ட தாயார் ஒருவர் இறந்தால் நினைவு மலர் அச்சிடுகிறோம். முகப்பில் படம், படத்தின் கீழே வசனம். உள்ளே பிறந்த நாள், திருமணமான நாள், பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், கொள்ளுப்பேரர்கள் என்று ஒரு பெயர் விடாமல் போடுகிறோம். அந்த அம்மா எதைத் தீர்மானித்தார், எதை மறுத்தார், எதற்காக அழுதார் என்பது அதில் இருப்பதில்லை. மனைவி, தாய், பாட்டி என்ற மூன்று உறவுகளும் தாமாகவே வந்து சேர்ந்தவை போலவும், அவர் அவற்றைப் பொறுமையாக ஏற்றுக்கொண்டு காலத்தைக் கழித்துவிட்டது போலவும் ஒரு தோற்றம் வந்துவிடுகிறது. நம் தாய்மார்களுக்கு நாம் செய்யும் அநியாயம் இது. எவலினின் வாழ்க்கையைச் சொல்லும்போதும் இதே தவறு நேர்கிறது. கணவருக்குத் துணை நின்ற மனைவி, உலகப் புகழ்பெற்ற மருத்துவரைப் பெற்ற தாய், மலைமக்கள் நேசித்த பாட்டி என்று மூன்று வரியில் முடித்துவிடுகிறார்கள். அவருடைய பெரிய வேலை பாட்டியான பிறகுதான் தொடங்கியது. அதற்கான விலையை அவர் தாயாக இருந்தபோது கொடுத்தார். இந்த இரண்டையும் பிரிக்காமல் சொல்ல வேண்டும் என்பதுதான் இன்றைக்கு என் ஆசை.

எவலின் கான்ஸ்டன்ஸ் ஹாரிஸ் 1879-ல் லண்டனில் பிறந்தார். வசதியான வணிகக் குடும்பம். வீட்டில் நிறையப் பிள்ளைகள், அதிலும் பெண் பிள்ளைகள் அதிகம். பக்தியும் கட்டுப்பாடும் மிகுந்த பாப்டிஸ்ட் சபையைச் சேர்ந்தவர்கள். எவலின் ஓவியம் பயின்றவர். பட்டும் லேசுமாக உடுத்தி, தூரிகை பிடித்து, டர்னர் என்ற ஓவியரின் ஒளியையும் மேகத்தையும் ரசித்துக்கொண்டிருந்த பெண். அந்தக் காலத்துக் கணக்கில் கல்யாண வயது கடந்துகொண்டிருந்தது. அப்போது அவருடைய சபையில் ஓர் இளைஞர் வந்து பேசினார். தென்னிந்தியாவில் ஒரு மலை இருக்கிறது, கீழே இருப்பவர்கள் காய்ச்சலுக்குப் பயந்து அங்கே இரவு தங்குவதில்லை, மேலே இருப்பவர்களுக்கு வைத்தியமும் இல்லை, பள்ளியும் இல்லை என்றார். பேசியவர் ஜெசி பிராண்ட். கட்டட வேலை தெரிந்தவர். மிஷனரிகளுக்கான அடிப்படை வைத்தியப் பயிற்சி பெற்றவர். எவலினைவிட ஆறு வயது இளையவர்.

எவலின் சென்னைக்கு வந்து இறங்கியபோது முப்பது வயதைத் தாண்டியிருந்தார். தமிழ் படித்தார். 1913-ல் இருவருக்கும் திருமணம். சேந்தமங்கலத்தில் கல்யாணம் முடிந்த கையோடு மலையேறினார்கள். இன்று காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து நம்மை ஏற்றிவிடுகிறது. அதற்கே வாந்தி மாத்திரை கேட்கிறோம். அன்று ஒற்றையடிப் பாதைதான். முடிந்தவர்கள் நடந்தார்கள், முடியாதவர்களை டோலியில் தூக்கிப்போனார்கள். அவர்கள் ஏறியது மழைக்காலத்தில்.

மேலே போனவர்கள் வாழவந்தி நாட்டில் குடியேறினார்கள். ஜெசி மரவீடு ஒன்றைக் கட்டியிருந்தார். கல் தூண்கள் மேல் நின்ற வீடு. கரையான் ஏறாமலிருக்க ஒவ்வொரு தூணின் தலையிலும் உலோகத் தட்டைக் கவிழ்த்து வைத்திருந்தார். கட்டடக்காரருடைய யோசனை. அந்த வீட்டுத் திண்ணையில் வைத்தியம் நடந்தது. புண்ணுக்கு மருந்து, காய்ச்சலுக்கு கொய்னா, பல்வலிக்குப் பல் பிடுங்குதல். லண்டனில் தூரிகை பிடித்த கை இங்கே பல் பிடுங்கியது. ஜெசி தச்சுவேலை சொல்லிக்கொடுத்தார், பள்ளிகளைத் தொடங்கினார், பயிர்வகைகளைக் கொண்டுவந்தார், கந்துவட்டிக்காரர்களிடமிருந்து மலைமக்களைக் காக்க அலைந்தார். இவையெல்லாம் புத்தகங்களில் ஜெசியின் பெயரில் எழுதப்பட்டிருக்கின்றன. தப்பில்லை. ஆனால் அவர் ஊர் ஊராக நடந்துகொண்டிருந்தபோது, வீட்டு வாசலுக்கு வந்த நோயாளியை யார் பார்த்தார்கள் என்று கேட்டுப்பாருங்கள்.

இவ்வளவு செய்தும் வருடங்கள் ஓடினவே தவிர, அவர்கள் சொன்ன சுவிசேஷத்தை ஏற்க யாரும் முன்வரவில்லை. கோயில் பூசாரி ஒருவர் கடுமையாக எதிர்த்தார். அதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? அறப்பளீஸ்வரர் வீற்றிருக்கும் மலை, வல்வில் ஓரி ஆண்ட மலை. வெளியூரிலிருந்து, அதுவும் ஆட்சி செய்பவர்களின் நிறத்தில் வந்த இருவரை மக்கள் சந்தேகப்பட்டது நியாயம்தான் என்று நான் நினைக்கிறேன். பிறகு 1918, 1919-ல் இன்ஃப்ளுயன்ஸா வந்தது. இந்தியா முழுவதும் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களை வாரிக்கொண்டுபோன கொள்ளைநோய். மலையில் வீடு வீடாக ஆட்கள் விழுந்தார்கள். எதிர்த்த பூசாரியும் அவர் மனைவியும் விழுந்தார்கள். சொந்தக்காரர்களே கிட்டே வரப் பயந்த நேரத்தில் ஜெசியும் எவலினும் கஞ்சி காய்ச்சிக்கொண்டு போனார்கள். பூசாரி சாகும் தறுவாயில் தன் பிள்ளைகளை இவர்கள் கையில் ஒப்படைத்தார். ஒன்று கைக்குழந்தை, பெண். அவளுக்கு ரூத் என்று பெயரிட்டு எவலின் வளர்த்தார். அந்த மலையில் நம்பிக்கை துளிர்த்தது இந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் என்று அவர்கள் வரலாறு சொல்கிறது. கஞ்சிக் கலயத்தைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டுப் படலைத் திறந்து உள்ளே போன பெண்ணுக்கு இரண்டு சிறுபிள்ளைகள் இருந்தார்கள், நோய் தொற்றினால் தன் பிள்ளைகளுக்கும் வரும் என்று தெரிந்துதான் போனார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி தாய் எவலின்.

மகன் பால் 1914-ல் பிறந்தான். பிறகு மகள் கானி. இருவருக்கும் மலைதான் பள்ளிக்கூடம். பால் மரமேறுவதில் கெட்டிக்காரன். வீட்டுக்குள் உட்கார வைத்துப் பாடம் சொன்னால் நிற்கமாட்டான் என்று கண்ட தாய், பலா மரத்திலேயே உட்கார்ந்து கணக்குப் போட அனுமதித்தார். மேலே கிளையில் சிலேட்டோடு மகன், கீழே நின்று திருத்தும் தாய். பிள்ளை வளர்ப்பைப் பற்றி இன்று ஆயிரம் புத்தகங்கள் வருகின்றன. இந்தத் தாய் தன் பிள்ளையைப் பார்த்தே கற்றுக்கொண்டார்.

பால் சிறுவனாக இருந்தபோது ஒரு நாள் மூன்று பேர் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். விரல் மழுங்கிய கைகள், துணி சுற்றிய பாதங்கள். குஷ்டரோகிகள். ஜெசி கையுறை போட்டுக்கொண்டு புண்களைத் துடைத்துக் கட்டினார். எவலின் ஒரு கூடையில் உணவு கொண்டுவந்து வைத்தார். பிள்ளைகளை ஒதுங்கி நிற்கச் சொன்னார்கள். அவர்கள் போனபின் அந்தக் கூடையை எரித்துவிட்டார்கள். மருத்துவம் அறிந்தவர்களும் அன்று அவ்வளவு பயந்த நோய் அது. அந்த வாசலில் ஒதுங்கி நின்ற பையன்தான் பிற்காலத்தில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அதே போன்ற கைகளைத் தன் கையுறையில்லாத கையால் பிடித்துப் பார்த்த டாக்டர் பால் பிராண்ட். குஷ்டரோகியின் விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை. நரம்பு செத்து, வலி தெரியாமல், சூட்டிலும் வெட்டிலும் தேய்ந்து அழிகின்றன என்று நிறுவியவர். மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்று அறுவையால் நிமிர்த்தியவர். அவரைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும். இன்று அம்மாவின் நாள்.

1923-ல் குடும்பம் விடுமுறைக்கு இங்கிலாந்து போனது. மகனுக்கு ஒன்பது வயது. அந்தக் காலத்தில் இந்தியாவில் இருந்த ஆங்கிலேயர்கள் பலரும் செய்தது இதுதான்: பிள்ளைகளைப் படிப்புக்காகத் தாய்நாட்டில் விட்டுவிட்டுத் திரும்புவது. லண்டன் செயின்ட் ஜான்ஸ் உட் பகுதியில் எவலினின் பிறந்த வீடு இருந்தது. வயதான பாட்டி, மணமாகாத அத்தைகள்... மன்னிக்கவும், நம் முறைப்படி சித்திகள், பெரியம்மாக்கள். அவர்களிடம் பிள்ளைகளை விட்டுவிட்டுக் கணவனும் மனைவியும் கப்பலேறினார்கள்.

இதை நான் மேலோட்டமாகச் சொல்லிவிட்டுப் போக விரும்பவில்லை. நம்மில் பலர் இதைத் தியாகம் என்று சொல்லிக் கைதட்டுவோம். கைதட்டுமுன் அந்தப் பிள்ளைகளின் பக்கமும் நிற்க வேண்டும். மரத்திலேயே வளர்ந்த பையன் பெரிய மாளிகையில், கனத்த நாற்காலிகளுக்கு நடுவே விடப்பட்டான். அம்மாவின் முகத்தை ஏறக்குறைய ஆறேழு வருடம் பார்க்கவில்லை. கடிதங்கள் வந்தன, அப்பா மரங்களையும் பூச்சிகளையும் பறவைகளையும் பற்றி எழுதுவார். கடிதம் மடியில் உட்கார வைக்காது, நெற்றியில் கை வைத்துப் பார்க்காது. பிரிவின் நாளில் தனக்குள்ளே ஏதோ செத்துப்போனதாக எவலினே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். இது சரியான முடிவா என்று கேட்டால், என்னால் சரி என்று சொல்ல முடியவில்லை. பிள்ளைகளைக் கூடவே வைத்துக்கொண்டிருக்கலாம் என்றுதான் என் மனம் சொல்கிறது. மலைக்காய்ச்சலில் பிள்ளைகள் செத்துப்போயிருக்கலாம் என்பதும் உண்மைதான். அதே மலையில் மற்றத் தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளோடுதான் இருந்தார்கள் என்பதும் உண்மை. ஊழியத்துக்காகப் பிள்ளைகளை விடுதியில் விட்ட பெண்கள் இந்த அரங்கில் இருக்கிறீர்கள். இந்த வலி உங்களுக்குப் புதிதல்ல. அதை மறைத்துவிட்டு எவலினுக்கு மாலை போட்டால் அது அவருக்கும் மரியாதை ஆகாது, அந்தப் பிள்ளைகளுக்கும் ஆகாது.

1929 ஜூன். ஜெசி கருநீர்க் காய்ச்சலில் படுத்தார். மலேரியா முற்றி ரத்தம் கெட்டு, சிறுநீர் கறுத்து வெளியேறும் நோய். மலையில் அதற்கு மருந்து கிடையாது. 44 வயதில் இறந்தார். தந்தி லண்டனுக்கு உடனே போய்விட்டது. கப்பலில் போன கடைசிக் கடிதமோ அதற்குப் பின்னால்தான் போய்ச் சேர்ந்தது. அப்பா இறந்த செய்தியைக் கேட்டு அழுது முடித்த பதினைந்து வயதை நெருங்கிக்கொண்டிருந்த மகன், உயிரோடு இருக்கும் அப்பா உற்சாகமாக எழுதிய கடிதத்தைப் பிரித்துப் படித்தான்.

எவலினுக்கு அப்போது ஐம்பது வயது. கணவரைப் புதைத்த மலையில் தனியாகவே வேலையைத் தொடர்ந்தார். பிறகு உறவினர்களின் வற்புறுத்தலில் இங்கிலாந்து போனார். பார்க்கக் காத்திருந்த மகன் திகைத்துப்போனான். அவன் நினைவில் இருந்தவர் நிமிர்ந்த, அழகான, உயரமான அம்மா. எதிரே வந்தவர் நரைத்து, மெலிந்து, குனிந்த ஒரு கிழவி. இவரா என் அம்மா என்று மனம் நம்ப மறுத்ததைப் பால் பிராண்ட் பிற்காலத்தில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். விதவைத் தாய் இனியாவது பிள்ளைகளோடு இருப்பார் என்று எல்லோரும் எண்ணினார்கள். அவர் திரும்பவும் இந்தியாவுக்குக் கப்பலேறினார்.

அதற்குப் பின் வந்த ஆண்டுகளை வேகமாகக் கடக்கிறேன். தன்னை அனுப்பிய மிஷன் சொன்ன இடங்களில், பெரும்பாலும் சமவெளியில் வேலை செய்தார். மனம் மட்டும் மலையில். ஜெசியும் அவரும் தங்கள் இளம்வயதில் ஒரு பொருத்தனை செய்திருந்தார்கள். கொல்லிமலையோடு நிற்காமல், அதையும் சேர்த்து இந்தப் பகுதியின் ஐந்து மலைத்தொடர்களுக்கும் போக வேண்டும் என்று. பச்சைமலை, கல்வராயன் மலை என்று அந்தப் பட்டியல் நீளும். ஒரு மலையிலேயே ஜெசியின் ஆயுள் முடிந்துவிட்டது. மீதி நாலு?

மிஷன் விதிப்படி ஓய்வு பெறும் வயது வந்தது. மலைக்கு அனுப்பும்படி கேட்டார். இந்த வயதில் கூடாது என்றார்கள். கடைசியாக ஒரே ஒரு தவணை கேட்டு வாங்கிக்கொண்டு போனார். தவணை முடிந்தது. அவருக்கு 69 வயது. வழியனுப்ப எல்லோரும் தயார். அவர் மிஷனிடம் தான் ஓய்வு பெற்றுவிட்டதாகச் சொன்னார். பிறகு சம்பளம் இல்லாமல், மிஷனின் பொறுப்பில் இல்லாமல், அடுத்த மலையில் ஒரு சிறு மரக்குடிசை போட்டுக்கொண்டு குடியேறிவிட்டார். அந்த இடத்தில்தான், தாய்மார்களே, இன்னொரு 26 வருட ஊழியம் தொடங்கியது.

இந்த முடிவின் கனம் நமக்குப் புரிய வேண்டுமென்றால் அதே காலத்தில் வேலூரைப் பார்க்க வேண்டும். மகன் 1946-ல் வேலூருக்கு வந்துவிட்டார். மருமகள் மார்கரெட்டும் மருத்துவர், பிற்காலத்தில் குஷ்டரோகிகளின் கண்களைக் காப்பாற்றியவர். கைக்குழந்தைகளோடு அடுத்த வருடம் வந்து சேர்ந்தார். அந்தக் குடும்பத்தில் ஆறு பிள்ளைகள். ஒரு பாட்டி ஆசைப்படுவதெல்லாம் அங்கே இருந்தது. இழந்துபோன தாய்மையை ஈடுசெய்துகொள்ள இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்குமா? மகனிடம் கொடுக்க முடியாததைப் பேரனிடம் கொடுத்திருக்கலாம். சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து வேதம் வாசித்திருக்கலாம். அப்படி இருந்திருந்தால் யாரும் ஒரு குறையும் சொல்லியிருக்கமாட்டார்கள், நானும் சொல்லமாட்டேன். அவர் பேரப்பிள்ளைகளைப் பார்க்க வந்தார், அவர்கள் மலைக்கு வந்தார்கள். மலையிலிருந்து நோயாளிகளை மகனிடம் அனுப்பினார். தங்கிவிட மட்டும் இல்லை. மலையிலே எல்லா வயதினரும் அவரைப் பாட்டி என்றுதான் கூப்பிட்டார்கள். கிரானி பிராண்ட் என்றே உலகமும் அறிந்துகொண்டது. சொந்தப் பேரர்களுக்கு மட்டும் பாட்டியாக இருந்திருந்தால் அந்தப் பெயரை நாம் கேட்டிருக்கமாட்டோம்.

அங்கே என்னதான் செய்தார்? ஒரே ஒரு நோயை எடுத்துக்கொண்டு சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் அவருடைய புத்தி தெரிகிறது. நரம்புச் சிலந்தி. இளையவர்களுக்கு இந்தப் பெயரே தெரியாது. தெரியாமல் போனதற்காகத் தேவனுக்கு நன்றி சொல்லுங்கள். குடிநீரில் கண்ணுக்குத் தெரியாத சிறு உயிரி ஒன்று இருக்கும். அதன் வயிற்றில் இந்தப் புழுவின் குஞ்சு. அந்தத் தண்ணீரைக் குடித்தால் உடம்புக்குள் சுமார் ஒரு வருடம் வளர்ந்து, ஒரு மீட்டர் நீளம்கூடப் போய், காலில் கொப்புளமாகக் கிளம்பும். நெருப்பு வைத்தது போல எரியும். எரிச்சல் தாங்காமல் நோயாளி காலைத் தண்ணீரில் நனைப்பார். நனைத்த மாத்திரத்தில் புழு ஆயிரக்கணக்கான குஞ்சுகளைத் தண்ணீரில் விட்டுவிடும். அந்தத் தண்ணீரைத்தான் ஊரே குடிக்கிறது. மறுவருடம் ஊரே நொண்டுகிறது, அதுவும் சரியாக உழவு நேரத்தில். மருந்து கிடையாது. குச்சியில் சுற்றி, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க வேண்டும். அவசரப்பட்டு அறுந்துவிட்டால் உள்ளே சீழ் பிடிக்கும்.

ஜெசி காலத்திலேயே இதன் வேர் தண்ணீரில் இருப்பது அவர்களுக்குத் தெரியும். புழுவை எடுத்துக்கொண்டே இருந்தால் ஆயுள் முழுக்க எடுத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். மனிதர்கள் படியிறங்கிக் காலை நனைக்கும் கிணற்றைச் சுற்றிக் கல்சுவர் எழுப்பிவிட்டால், மேலிருந்து வாளியில்தான் இறைக்க முடியும், கால் தண்ணீரில் படாது, சுற்று அறுந்துவிடும். துணியில் வடிகட்டிக் குடித்தால் அந்தச் சிற்றுயிரி துணியிலேயே தங்கிவிடும். ஊசியும் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம். சுவரும் துணியும் போதும். ஆனால் ஊரைச் சம்மதிக்க வைக்க வேண்டும். தலைமுறை தலைமுறையாக இறங்கிய கிணற்றில் இனி இறங்காதே என்று சொல்ல வேண்டும். வெளியிலிருந்து வரும் அதிகாரி சொன்னால் கேட்கமாட்டார்கள். ஊரிலேயே இருந்து, புண்ணைக் கட்டி, பிள்ளைப்பேற்றில் கூட நின்ற பாட்டி சொன்னால் கேட்பார்கள். எவலின் மலை மலையாகப் போய்ச் செய்த வேலை இது. இந்தியாவில் நரம்புச் சிலந்தியின் கடைசி நோயாளி 1996-ல் ராஜஸ்தானில் பதிவானார். 2000-ல் நாடு இந்நோயிலிருந்து விடுபட்டதாக உலகம் ஏற்றுக்கொண்டது. அந்தப் பெரிய வெற்றி அரசின் திட்டத்தால் வந்தது. அந்தத் திட்டம் சொன்னதும் இதைத்தான்: தண்ணீரில் காலை வைக்காதே, வடிகட்டிக் குடி. எழுபது வயதுக் கிழவி அதற்குப் பல வருடம் முன்னமே இங்கே அதைச் சொல்லிக்கொண்டு மலையேறியிருக்கிறார் என்பதில் எனக்குள்ள பெருமையை மறைக்கத் தெரியவில்லை.

அவர் உடம்பு ஒத்துழைத்தது என்று நினைத்துவிடாதீர்கள். மலேரியா திரும்பத் திரும்ப வந்தது. கை ஒடிந்தது. முதுகெலும்பில் விரிசல். எழுபத்தைந்தை ஒட்டிய வயதில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆட்கள் கட்டிலில் கட்டிச் சுமந்து இறக்கி, ஜீப்பில் நூற்றைம்பது மைல் கொண்டுபோனார்கள். கால் நரம்புகள் செயலிழக்கத் தொடங்கின. அதற்குப் பின் இரண்டு மூங்கில் கோல்களை ஊன்றித்தான் நடந்தார். நடக்க முடியாத தூரத்துக்கு மட்டக்குதிரை. பின்னால் மருந்துப் பெட்டி.

மகன் மலைக்குப் போய்க் கெஞ்சினார். அவர் எலும்பு மருத்துவர். அம்மாவின் எலும்புகள் எந்த நிலையில் இருக்கின்றன என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அம்மா, போதும், வந்துவிடு என்றார். எவலின் கேட்ட கேள்விகள் சாதாரணமானவை. நான் வந்துவிட்டால் இவர்கள் புண்ணை யார் கட்டுவது, பல்லை யார் பிடுங்குவது, இயேசுவைப் பற்றி யார் சொல்வது? என் இடத்துக்கு ஆள் வரட்டும், நான் இறங்குகிறேன். இந்தப் பழைய உடம்பைப் பத்திரப்படுத்தி வைத்து என்ன செய்யப்போகிறோம்? மகன் வெறுங்கையோடு இறங்கினார். பிள்ளையின் பேச்சைத் தாய் கேட்காமல் அனுப்பியது இது முதல்முறையல்ல. ஆனால் இந்த முறை மகனுக்கு அம்மா புரிந்தது என்று நினைக்கிறேன். அவர் பிற்காலத்தில் அம்மாவைப் பற்றி எழுதியவற்றில் ஏக்கம் இருக்கிறது, குற்றச்சாட்டு இல்லை.

1966-ல் மகனின் குடும்பம் அமெரிக்காவுக்கு, லூசியானா மாகாணத்துக் கார்வில் குஷ்டரோக மருத்துவமனைக்குப் போய்விட்டது. எவலினுக்கு எண்பத்தேழு வயது ஆகிக்கொண்டிருந்தது. பேரப்பிள்ளைகள் கடல் கடந்துவிட்டார்கள். ஒருகாலத்தில் அவர் பிள்ளைகளைக் கரையில் விட்டுக் கப்பலேறினார். இப்போது அவர்கள் போனார்கள், அவர் நின்றார். மேலும் எட்டு வருடம்.

இன்னொரு செய்தி என்னை விடாமல் பிடித்திருக்கிறது. கடைசி இருபது ஆண்டுகள் அவர் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடி இல்லை. வைத்துக்கொள்ள வேண்டாம் என்று அவரே தீர்மானித்தார். அழகை ரசிக்கப் பயின்றவர், இளமையில் அழகி என்று பெயர் வாங்கியவர், மலையின் அந்தியையும் மேகத்தையும் தீட்டிக்கொண்டிருந்தவர். ஆகவே அழகில் அக்கறை போய்விட்டது என்று பொருளில்லை. வெயிலும் காய்ச்சலும் தின்ற தன் முகத்தை மட்டும் பார்க்க வேண்டியதில்லை என்று விட்டுவிட்டார். மகன் கண்ட காட்சி வேறு. கல்சுவர் ஒன்றில் அம்மா உட்கார்ந்திருப்பார், சுற்றிலும் ஊர்மக்கள் அந்தச் சுருங்கிய முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதைவிட அழகான முகத்தைத் தான் பார்த்ததில்லை என்ற பொருளில் அந்த மருத்துவர் எழுதியிருக்கிறார்.

தொண்ணூற்று மூன்று வயதுவரை குதிரையேறினார். அடிக்கடி விழுந்ததால் நிறுத்தச் சொன்னார்கள். அதற்குப் பிறகு ஊர்மக்கள் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். 1974 டிசம்பரில், 95 வயதில் இறந்தார். கொல்லிமலையில் ஜெசியின் பக்கத்தில் புதைத்தார்கள். பெட்டி வேண்டாம் என்று சொல்லி வைத்திருந்தார். நல்ல மரத்தை மண்ணில் போட்டு வீணாக்குவதில் அவருக்குச் சம்மதமில்லை. பழைய பருத்தித் துணியில் சுற்றி இறக்கினார்கள்.

அவருடைய சரித்திரம் ஆங்கிலத்தில் இருக்கிறது. டாரதி கிளார்க் வில்சன் எழுதினார். மகனின் நூல்களிலும் அம்மா வருகிறார். நான் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. எவலின் தனியாக மலையேறவில்லை. டோலி தூக்கியவர்கள் இருந்தார்கள். குதிரையைப் பிடித்துப் போனவர்கள் இருந்தார்கள். சமைத்துப் போட்ட, காயத்துக்குத் துணி கிழித்துக் கொடுத்த, அவருடைய தமிழைத் திருத்திய, அவர் சொன்னதை மலைப்பேச்சில் எடுத்துச் சொன்ன வேதாகமப் பெண்கள் இருந்தார்கள். கிணற்றுக்குக் கல் சுமந்து சுவர் வைத்தது மலையாளிப் பழங்குடி ஆண்களும் பெண்களும்தான். அவர்களிலும் மனைவிகள், தாய்மார்கள், பாட்டிகள் உண்டு. அவர்களும் பிள்ளைகளை விட்டுவிட்டு வந்திருப்பார்கள். புத்தகங்களில் அவர்களுக்கு ஓரிரு வரிதான் கிடைத்திருக்கிறது.

அவரைச் சிறுபிள்ளையாகப் பார்த்தவர்களுக்கு இன்று அறுபதைத் தாண்டியிருக்கும். தூளி தூக்கிய இளைஞர்களில் உயிரோடு இருப்பவர்களுக்கு எழுபதுக்கு மேல். சேந்தமங்கலத்திலும், செம்மேட்டிலும், வாழவந்தியிலும், கல்வராயன் மலை ஊர்களிலும் உங்களுக்குச் சொந்தபந்தம் உண்டு என்று எனக்குத் தெரியும். வருகிற கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு அங்கே போகும்போது வீட்டுப் பெரியவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். பாட்டியோடு யார் யார் போனார்கள், எந்தக் கிணற்றுக்கு யார் சுவர் வைத்தார்கள், யார் வீட்டில் தங்கினார், என்ன சாப்பிட்டார், எதற்குக் கோபப்பட்டார். போனில் பதிவு செய்துகொண்டாலும் சரி, பிள்ளைகளின் பரீட்சை நோட்டின் பின்பக்கத்தில் எழுதினாலும் சரி. எழுதி முடித்ததும் ஊர்ப்பெயரும் சொன்னவர் பெயரும் மறக்காமல் போடுங்கள். கூட்டம் முடிந்தபின் நான் இங்கேயே இருக்கிறேன். இப்போதே சொல்ல விஷயம் இருப்பவர்கள் வாருங்கள், எழுதிக்கொள்கிறேன்.